இடதுகை வெட்டு

பல்கலைக்கழகத்துப் பெண் கேமராவைக் கட்டியது
எங்கள் இருநூற்றுப் பன்னிரண்டாம் பொறியில்.
ஒரு ராத்திரி, ஒரு பகல்.
பிறகு தேவாலயக் கூடத்தில் வெள்ளைத் துணி மாட்டி
துறைமுகத்தில் பாதிப்பேரை உட்காரவைத்துக் காட்டினாள்.

சிங்கி இறால் ஒன்று வந்தது.
மீசையால் வாசலைத் தடவியது.
உள்ளே போய் உப்புக்கண்ட ஹெர்ரிங்கைத் தின்றது.
வந்த வழியே பின்பக்கமாய் நடந்து
வெளியே போனது.
அடுத்தது வந்தது. தின்றது. போனது.
மூன்றாவது பெரிய கொடுக்குக்காரன்.
தின்னவுமில்லை, பிறரை விடவுமில்லை,
சொத்துப் பிரிக்காத பங்காளி மாதிரி
வாசலை மறித்து நின்றான்.
நூறு வந்தால் ஆறோ ஏழோதான் தங்குகிறது என்றாள் பெண்,
எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

கூடத்தில் காபி ஆறும் சத்தம்கூடக் கேட்டிருக்கும்.
டெல்மா கார்வர்தான் வாயைத் திறந்தாள்,
என் படகுக்காரி:
"நாற்பது வருஷமாய்
அன்னசத்திரம் நடத்தியிருக்கிறேன்.
ஒருத்தரும் சொல்லவில்லையே."
சுவர் அதிரச் சிரித்தார்கள்.
கடைசி பெஞ்சில் ஓரின் பீல்
தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

ஓரினுக்கும் எங்களுக்கும் ஒரு பாறைத்திட்டுத் தகராறு.
ஜூனில் எங்கள் மிதவைக் கயிற்றில்
இரண்டு முடிச்சுப் போட்டான். அது எச்சரிக்கை.
ஜூலையில் பதினெட்டுக் கயிறு அறுந்தது.
ஆகஸ்டில் அவனுக்கும் அறுந்தது,
யார் அறுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்,
கத்தியைக் கழுவினவன் மட்டும்தான் நான்.

அந்தப் பெண் இதையும் சொன்னாள்:
இரண்டு ஆண் சண்டையிட்டால்
முகத்திலிருந்தே சிறுநீர் பீய்ச்சிக்கொள்ளும்.
தோற்றது அந்த வாசத்தை
ஒரு வாரம்வரை ஞாபகம் வைத்து
ஜெயித்தவன் வளைப்பக்கம் தலைகாட்டாது.
ஒரு வாரம்தானா, என்றேன் டெல்மாவிடம்.
அவள் டிரக்கைக் கிளப்பினாள்.

அக்டோபரில் ஒருநாள். கடல் ஈயநிறம்.
விரலெல்லாம் உப்பு வெடிப்பு.
அதே பாறைத்திட்டில் பொறியைத் தூக்கினோம்.
உள்ளே ஒரு பெட்டை, இரண்டு கிலோவுக்குக் குறையாது.
முட்டை இல்லை. அளவுகோலில் சரியான நீளம்.
அன்றைக்கு டீசல் காசே வந்திருக்கவில்லை.
ரப்பர் வளையத்தை இடுக்கியில் விரித்துவிட்டேன்,
வாலைத் திருப்பினாள் டெல்மா.

வால்மடலில் ஒரு முக்கோண வெட்டு.
சட்டை உரித்து உரித்து ஓரம் மழுங்கி,
ஆனாலும் வெட்டுதான்.
என்றைக்கோ முட்டையோடு இவளைப் பிடித்தவன்
அடையாளம் வைத்துத் திருப்பி விட்டிருக்கிறான்:
இவள் ஈனுகிறவள், எவனும் கொள்ளாதே.
வெட்டு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
இந்தக் கரையில் இடதுகையால் கத்தி பிடிக்கிறவன்
ஒருவன்தான்.

டெல்மா அதைக் கட்டைவிரலால் தடவினாள்.
நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன்,
கறுப்பும் ஆரஞ்சுமாய் அவன் மிதவைகள்
எங்களுடையதிலிருந்து கல்லெறி தூரத்தில்.
கடல்காவல் படகு எங்குமில்லை.
எஞ்சின் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

"மழுங்கிப்போச்சு" என்றாள்.
எந்தப் பொருளில் சொல்கிறாள் என்று தெரியாமல்
வளையத்தை விரித்தபடியே நின்றேன்.
அவள் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள்,
அவன் வெட்டின மேலேயே
கொஞ்சம் ஆழமாய், நேராய்,
புதுசாய் வெட்டினாள்.

பெட்டை வாலை அடித்தது.
என் கண்ணெல்லாம் உப்புத்தண்ணீர்.
துடைத்துப் பார்க்கையில்
தண்ணீரில் ஒரு வளையம், பிறகு அதுவும் இல்லை.

பொறிக்குள் புதுத் தீனி மாட்டினேன்.
கொஞ்சம் அதிகமாகவே மாட்டினேன் போலிருக்கிறது,
"சத்திரத்துக்கு யார் காசு கொடுக்கிறது?" என்று கத்தினாள்.
இன்னும் நூற்றுநாற்பது பொறி பாக்கி.
அவன் மிதவைகளைச் சுற்றி
அகலமாய் வளைத்துப் படகை ஓட்டினாள்,
கயிறு எதுவும் சிக்காதபடிக்கு.