சேத அறிக்கை: இடது காது

ஹார்லிங்கன் படகுத்துறைக்கு எதிரே
கான்கிரீட் குதிரை ஒன்று நிற்கிறது.
நகராட்சிப் பதிவேட்டில் அதன் எண் 118.
ஜனவரிப் புயலில் இடது காது உடைந்தது.
எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.
கடல் எடுத்திருக்கலாம் என்றேன்.
கடலுக்குக் காது எதற்கு என்றார் மேலாளர்.
படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

என் வேலை செவ்வாய்தோறும் ஒரு படம்.
அதே விளக்குக் கம்பத்தில் அதே தோளைச் சாய்த்து
அதே உயரத்தில் கைபேசியைப் பிடித்து
சேதம் கூடியதா குறைந்ததா என்று குறிப்பது.
சேதம் குறையவும் கூடும் என்று நம்பி
அந்தப் படிவத்தை அச்சிட்டவர் யாரோ,
நல்ல மனசுக்காரர்.

ஆறாம் வாரம்
உடைந்த விளிம்பில் மஞ்சளாக ஏதோ.
பறவை எச்சமென்று விரலால் சுரண்டினேன்.
பொம்மைச் செங்கல். எட்டுக் குமிழ் வைத்தது.
நல்ல பசை.
என் நகம்தான் உடைந்தது.

விதி 14: பொதுச் சிற்பங்களில் காணப்படும் அந்நியப் பொருள்
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அகற்றப்பட வேண்டும்.
நகம் வளரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நான்கு.
அதற்கடுத்து பதினொன்று,
நடுவே கண்ணாடி நீலத்தில் ஒன்று,
ஏதோ பொம்மைப் போலீஸ் வண்டியின் தலைவிளக்கு.

படகுச் சீட்டுக் கிழிக்கும் ஷூர்ட்
எனக்கென்ன தெரியும் என்றான்.
அவன் சட்டைப்பை கலகலத்தது.
மருந்துக்கடை யெல்ட்யா
காதை முன்னால் திருப்பி வைப்பாள்,
குதிரை ஆவலாக இருக்க வேண்டுமாம்.
இறால் படகிலிருந்து இறங்குகிற யாரோ
இரவோடு இரவாகப் பின்னால் மடக்கிவிடுவார்கள்.
இந்தக் காற்றில் எந்தக் குதிரை காதை நீட்டிக்கொண்டு நிற்கும்
என்பது அவர்கள் கட்சி.
ஏப்ரலில் சண்டை முற்றி
காது நீண்டு, கூராகி,
குதிரைக்குக் கொம்பே முளைத்துவிட்டது.
தீவுக்குப் போகிற பள்ளிப் பிள்ளைகள்
அதன் கீழே நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.
மறு செவ்வாய் மீண்டும் காது.

நவம்பரில் கணக்கு முடிக்க
நாற்பத்தொரு படங்களையும் வரிசையில் அடுக்கி
கட்டைவிரலால் சரசரவென்று தள்ளினேன்,
ஏதாவது இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா
என்று பார்க்கத்தான்.

குதிரை அசைந்தது.

மேகங்கள் ஓடின. பனி வந்து போனது.
முதுகில் கடற்காகம் ஒன்று
தோன்றித் தோன்றி அழிந்தது.
நாலு காலும் இரும்புக் கம்பியோடு தரையில் புதைந்திருக்க
அந்தக் காது மட்டும்
முளைத்து நிமிர்ந்து முன்னே சாய்ந்து பின்னே மடங்கி
விருட்டென்று உதறியது.
ஈ விரட்டுகிற உதறல்.
மறுபடி தள்ளினேன். மறுபடி உதறியது.
பதினேழாம் படத்தில் ஒரு கரும்புள்ளி,
லென்ஸில் ஒட்டிய தூசு.
அதைத்தான் விரட்டியது என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மாதச் சண்டை
நான்கு நொடிகூட வரவில்லை.
யெல்ட்யாவிடம் காட்டலாம் என்று கடைவரை போனேன்.
இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை லேவார்டனிலிருந்து
மாற்றுக் காது வந்தது.
காற்றுக்குமிழ் உறைக்குள், அச்சு அசலாக,
பழைய வரைபடத்தை அளந்து வார்த்தது.
மடலில் விரல் வைத்தேன். ஜில்லென்றிருந்தது.
குனிந்து ஏதாவது சொல்லத் தோன்றியது,
பக்கத்து மேசையில் ஆள் இருந்ததால் சொல்லவில்லை.
இழுப்பறையில் வைத்துப் பூட்டி, படிவத்தில் எழுதினேன்:
அளவு பொருந்தவில்லை.
திருப்பி அனுப்ப ஆவன செய்யப்படும்.

காதும் காதும் வைத்தாற்போல முடிந்தது காரியம்.
ஒரு காது இருட்டில், ஒரு காது மழையில்.

செவ்வாய். கம்பம். தோள்.
நாற்பத்திரண்டு.
நேற்றுச் சாக்கடைக் கம்பியருகே பொறுக்கிய பச்சை ஒன்று
கால்சட்டைப் பைக்குள்ளிருந்து தொடையைக் குத்துகிறது.
காது இன்று முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை,
ஏறக்குறைய
என் பக்கம்.