நாலு மில்லி

மெல்லிய தகடு பொல்லாதது.
கனத்த இரும்பு அடி வாங்கிக்கொண்டு கிடக்கும்.
இருபத்திரண்டு கேஜ்
பிட்டு வெளியேறும் அந்தக் கடைசி நொடியில்
அதையே கவ்விக்கொண்டு காத்தாடியாய்ச் சுற்றும்.
வட்டம் கேட்டால் முக்கோணம் தரும்.
வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டாமல்
நான் மோட்டாரைத் தொடுவதில்லை.

திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் பட்டறை.
கேப்பர் மலை வேலை என்று கொண்டுவந்தார் கலியமூர்த்தி:
மனு பார்க்கும் சன்னலுக்கு ஒரு சில்வர் தகடு,
பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு.
"நாலு மில்லி. பீடி போகக் கூடாது,
பேச்சு போகணும்.
வர்றவங்க பக்கம் மட்டும் பிசிறு எடுத்தாப் போதும்.
உள்ளே இருக்கிறவனுக்கு என்ன?"
கூலியும் ஒரு பக்கத்துக்குத்தான்.

இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே தகட்டை வைத்து
நாலு மூலையிலும் கிளாம்ப் முடுக்கினேன்.
மேல்பலகையில் பென்சில் கட்டம்.
வேகம் குறைவாக, எண்ணெய் இரண்டு சொட்டு.
மரத்தூள் வரும்,
பிறகு ஒரு கீச்சு, வெள்ளிச் சுருள்,
மறுபடி மரத்தூள்.
அவ்வளவுதான் ஒரு துளை.
எழுபதாவதில் தேசிங்கு டீ வாங்கிவந்தான்.
நூற்று ஒன்றில் போன கரண்ட்
மூன்றரைக்கு வந்தது.

ஆறு திங்கட்கிழமை அந்தச் சன்னலில் நின்றிருக்கிறேன்.
யாருக்காக என்பது இந்தத் தகட்டுக்குத் தேவையில்லை.
அப்போதிருந்ததில் துளைகள் ஆணியால் குத்தியவை,
சிலது இந்தப் பக்கமிருந்து, சிலது அந்தப் பக்கமிருந்து.
கூச்சலில் ஒன்றும் கேட்காமல்
காதை ஒட்டிவைத்தேன், மடல் கிழிந்தது.
எதிரே உதட்டை ஒட்டிவைத்துப் பேசியவனுக்கு
என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

பெரிய பிட்டைக் கையில் பிடித்து
ஒவ்வொரு துளை வாயிலும் ஒரு திருகு.
நூற்று நாற்பத்து நாலு.
பிறகு தகட்டைத் திருப்பிப் போட்டேன்.
தேசிங்கு என்னைப் பார்த்தான், கணக்கு நோட்டைப் பார்த்தான்.
இன்னொரு நூற்று நாற்பத்து நாலு.
பழைய பனியனால் இரண்டு பக்கமும் துடைத்தேன்,
ஒரு நூல்கூட மாட்டவில்லை.

தகட்டை நிமிர்த்தி
தேசிங்கை எதிரே நிற்கச் சொன்னேன்.
வாயை ஒட்டிவைத்தேன்.
என்ன சொல்வதென்று யோசிக்குமுன்
அங்கே எல்லோரும் முதலில் கேட்பதுதான் வந்தது:
"சாப்டியா?"

நாலு மில்லி நாலு மில்லியாக அவன் முகம்.
"இன்னும் இல்லக்கா.
எண்ணெய் நாத்தம் அடிக்குது,
சோப்பு போட்டுக் கழுவிட்டுக் குடுங்க."