பதவி என்ற கட்டம்

நாகர்கோவில், வனத்துறை அலுவலகம்.
பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த மூன்று பேருக்கு
மதிப்பூதியப் படிவம் அடிக்கிறேன்.
பெயர் ஆயிற்று. ஊர் ஆயிற்று.
பதவி என்ற கட்டம்
இடைவெளி சேர்த்துப் பதினோரு எழுத்துதான் கொள்ளும்.

'இயற்கையியல் வல்லு'
அத்தோடு முட்டி நிற்கிறது.

'நேச்சுரலிஸ்ட்' அடங்குகிறது.
தமிழில் வேண்டும், ஆடிட் வரும் என்கிறார் அதிகாரி.

நீங்களே சொல்லுங்கள் என்றேன்.
"கொளத்துக்குப் போறவன்" என்றார் தேரூர் தாணுலிங்கம்.
மலையிறங்கி வந்த ஈச்சன் காணி
ஜன்னலுக்கு வெளியே பூவரசில்
எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.
மணக்குடி பெர்க்மான்ஸ்தான் வாய் திறந்தார்:
"கடலுக்கடியில பாரு எங்க கெடக்குன்னு
கரையப் பாத்துல்லா வைக்கோம்.
கோயில் கோபுரம், அதுக்குப் பொறத்த ஒரு மல,
அந்தப் பக்கம் இன்னொரு சோடி.
ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல வலையப் போடு.
அதுக்குப் பேரு கணியமாக்கும்."

கரையான் ருசி பார்த்த அகராதியைப் புரட்டினேன்.
கணி: எண்ணு, அளந்து அறி.
கணி: நாளும் கோளும் பார்த்துச் சொல்பவன்.
அதன் கீழே, ஒரு விளக்கமும் இல்லாமல்,
கணி: வேங்கைமரம்.

மரம் எப்படி இந்த வரிசையில் நுழைந்தது?
ஈச்சன் காணி அப்போதுதான் திரும்பினார்.
"அது பூத்தாத்தானே நாளு தெரியும்."
மறுபடி ஜன்னல்.

அவர் பெயரில் ஒரு துணைக்கால் மட்டும் அதிகம்.
கவனித்தேன். ஒன்றும் முடிவு செய்யவில்லை.
மரத்தைப் பார்த்து மனிதனுக்கு வைத்த பெயரா,
மனிதனைப் பார்த்து மரத்துக்கா,
அகராதிக்கும் தெரியாது.
விரல்விட்டு எண்ணுகிறவனுக்கும்
எண்ணாமலே மஞ்சளாகிற மரத்துக்கும்
ஒரே பேர் போதும் என்று
எவரோ விட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டே எழுத்து. கட்டத்தில் ஒன்பது மிச்சம்.
மூவருக்கும் அதையே அடித்தேன்.

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.
"ஜோசியருக்கெல்லாம் வனத்துறை காசு குடுக்குமா?"
சிவப்பு மையில் அடித்துவிட்டு
'இதர' என்று எழுதினார்.
ஆளுக்கு நானூற்றைம்பது. பாதி இன்று, பாதி அடுத்த மாதம்.

தாணுலிங்கம் கையெழுத்திட்டார்.
தேதி போட்டார்.
பக்கத்தில், கை பழகிய பழக்கத்தில்,
வாடை, லேசாக
என்றும் எழுதிவிட்டார்.

வாசலில் பெர்க்மான்ஸ் ஒரு கண்ணை மூடினார்.
தண்ணீர்த்தொட்டி, அதன் பின்னே வேளிமலையின் ஒரு முனை.
இந்தப் பக்கம் செல்போன் கோபுரம், அதன் பின்னே ஒற்றைத் தென்னை.
அரையடி நகர்ந்து நின்றார்.

"பாக்கி வாங்க வரணும்லா.
ஆபீசுக்குக் கணியம் வச்சாச்சு."