மேகமூட்டம் நாற்பது வீதம்

தொண்ணூறாம் ஆண்டு, தை மாதம்.
விண்ணோடத்தின் யன்னலில் முழங்கை ஊன்றி
யாரோ எடுத்த படம்.
குறிப்பில் இவ்வளவுதான்:
சாய்கோணம், செங்கீழ்க் கதிர்ப் பிலிம்,
மேகமூட்டம் நாற்பது வீதம்.

அக்கரைப்பற்றுக் காணிக் கந்தோரில்
கறண்ட் போகமுதல் திரையில் விரிக்கிறேன்.
கடல் கறுப்பு.
களப்பு, வெயில் பட்ட இடத்தில் மட்டும் புதுத் தகரம்.
வெள்ளாமை முழுக்கச் சிவப்பு.

"இதென்ன, ரெத்தமா?" என்றா சல்மத்தும்மா.

இல்லை, பச்சைதான்.
உயிரோடு நிற்கிற பயிர்
நம்முடைய கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தைத்
திருப்பி எறியும். பிலிம் ஏந்திக்கொள்ளும்.
காட்டுக்கு வேறு சிவப்பு, மங்கல்.

காடு என்றுதான் வர்த்தமானியில் கிடக்கிறது
அவவின் மூன்று ஏக்கர்.

மௌசை வாய்க்கால் வழியே இழுக்கிறேன்.
மதகு. வளைவு. மருதயடிக் கண்டம்.
சிவப்பு, சிவப்பு, ஒரு வரம்பு,
பிறகு வெள்ளை.
அளவெடுத்துத் தைத்தது மாதிரி ஒரு மேகம்
அவவின் காணிக்கு மேலே குந்தியிருக்கிறது.
நிழல் பக்கத்துக் காணியில்.

நான் வாய் திறக்கவில்லை.

"மெசினா எடுத்தது, மனிசனா?"

மனிசன்தான்.
செய்மதி என்றால் முறை வைத்துத் தானாக எடுக்கும்.
இது ஒருவர் பார்த்து, வேணுமென்று அமத்தினது.

"அப்ப கண்ணால கண்டிருக்கார்தானே.
சாட்சிக்குக் கூப்பிடேலாதா?"

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.
அமத்தினவர் ஒருதரமா அமத்தியிருப்பார்?

பட்டியலில் அடுத்த இலக்கம்:
பன்னிரண்டு செக்கன் பிந்தியது.
அதற்குள் ஓடம் தொண்ணூறு கிலோமீற்றர் தாண்டியிருக்கும்.
பார்வை சரிந்தால் மேகம் விலகும்,
நிலம் அசையாது.

படம் மேலிருந்து கீழாகப்
பட்டி பட்டியாக இறங்குகிறது. கந்தோர் இணைப்பு.
அவ திரையைப் பார்க்கவில்லை;
பேமிற் இருந்த பையின் சிப்பைப்
பூட்டித் திறந்து பூட்டியபடி சொன்னா:

"முழுக்கச் சிவப்பா இருக்காது.
கிழக்கு மூலை மட்டும் விளையாது எங்களுக்கு.
எரு போட்டும் பார்த்தாச்சு.
அது உவர்."

கடல் வந்தது. மணல்.
மதகு, வளைவு.
நான்கு புள்ளிக்கு நான்கு புள்ளி, சிவப்பு.
கிழக்கு மூலையில்
ஒன்று மட்டும் கறுப்பு.