பதினொரு பேர்

முதல் மாநாட்டுக்கு
இரண்டு ட்ரோட்ரோ மாறிப் போனேன்.
குமாசியில் மழை விட்டிருந்தது,
செம்மண் விடவில்லை.
பல்கலைக்கழக வாசலில்
மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
செருப்பைப் புல்லில் தேய்த்தவர்களைப் பார்த்து
இடம் இதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

பேட்ஜில் பெயர் எழுதச் சொன்னார்கள்.
திவா என்று எழுதினேன்.
அதன் கீழே ஒரு கோடு: என்ன செய்கிறீர்கள்?
நல்லவேளை, மார்க்கர் காய்ந்துவிட்டது.

அக்ராவிலிருந்து வந்தவர் மேடையில் நின்று
ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்:
உங்கள் வலைப்பதிவை மாதம் எத்தனை பேர் படிக்கிறார்கள்?
ஒருவர் நாலாயிரம் என்றார்.
சமையல் எழுதும் பெண் பன்னிரண்டாயிரம்.
என் முறை வந்தபோது நான்
தண்ணீர்ப் பொட்டலத்தின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
விழுங்கிவிட்டு, பதினொன்று என்றேன்.
ஆயிரமா?
இல்லை, பேர்.
நல்ல சிரிப்புதான் சிரித்தார்கள்,
குறை சொல்லக்கூடாது.

நான் எழுதுவது வண்டிகளைப் பற்றி.
கெஜேத்தியாவில் எது எந்த மூலையில் நிற்கும்,
மேட் எவ்வளவு வாங்குவான்,
பின்கண்ணாடியில் என்ன எழுதியிருக்கும்.
(பொறாமையில் ஓடாது, பெட்ரோலில் ஓடும்
என்று ஒன்றில் இருந்தது.
அதை மட்டும் படமெடுத்துப் போட்டேன்.)

பதினொரு பேரையும் எனக்குத் தெரியும்.
எட்டு புள்ளி குமாசியில்,
அதில் ஒன்று நான்,
இன்னொன்று கைபேசியில் நான்.
தேமாவில் ஒன்று.
ஆஸ்லோவில் ஒன்று, மூன்று நொடி,
வழி தவறி வந்திருக்க வேண்டும்.
சுன்யானியில் ஒன்று:
இரவு இரண்டு மணிக்கு வரும்,
பத்தொன்பது நிமிடம் இருக்கும்.

இரண்டாம் மாநாட்டில்
வைஃபை கடவுச்சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு
வைஃபையைத் தர மறந்துவிட்டார்கள்.
கூடம் முழுக்க இலவு காத்த கிளிகள்.
பெண்களும் தொழில்நுட்பமும் என்ற அமர்வுக்கு
வந்திருந்த நான்கு பெண்களையும் மேடையேற்றினார்கள்.
இரவெல்லாம் சேர்த்துவைத்திருந்த ஒரு வாக்கியத்தை
நான் சொன்னபோது மைக் செத்துப்போயிருந்தது.
அந்த வாக்கியம் இப்போது எனக்கும் நினைவில்லை.
கொடுத்த மஞ்சள் சட்டை மிகப் பெரிது,
அறைத்தோழி அஃப்ரியே
அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

மூன்றாவதுக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன்.
ஜொல்லாஃப் சோற்றுக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
வரிசையில் எனக்குப் பின்னால்
இடுப்பில் சாவிக்கொத்து தொங்க ஒருவர்.
பேட்ஜை எழுத்தெழுத்தாகப் படித்தார்.
திவா நீதானா?
நான் சுன்யானி, என்றார்.

ஓர் ஊரே கையில் வெள்ளைப் பெட்டியோடு
என் முன்னால் நிற்கிறது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
கோழித்துண்டு பெரிதாகப் பார்த்து எடுங்கள் என்றேன்.

மீன் குளிர்கிடங்கில் இரவுக் காவலாம்.
தங்கை வீடு சுவாமேயில்.
சுவாமேவுக்கு நாற்பது பெசேவா என்று
நீ எழுதியிருந்தாய், என்றார்.
நம்பி எண்ணி உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
மேட் கத்தினான்.
ஐம்பத்தைந்தாம்.
வண்டியே திரும்பி என்னைப் பார்த்தது.

கோபம் இல்லை அவர் குரலில்.
கணக்குத்தான் இருந்தது.
பையைத் துழாவி
ஒரு பத்தும் ஒரு ஐந்தும் எடுத்து நீட்டினேன்.
வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.
வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
பிறகுதான் பெயர் சொன்னார்,
அனானே.

உள்ளே யாரோ
பத்தாயிரம் வாசகரைப் பிடிக்க ஏழு வழிகளை
விளக்கிக்கொண்டிருந்தார், மூன்றாவதில் இருந்தார்.
சுவரோரம் ஒரே மின்வடத்தைச் சுற்றி
இருபது பேர் குந்தியிருந்த இடத்தில்
முழங்காலால் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.
நாற்பதை அழித்தேன்.
ஐம்பத்தைந்து என்று அடித்தேன்.
பதிவேற்று என்பதை அழுத்தியதும்
விளக்கு போயிற்று,
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

இருட்டில் சிரிக்கிறார்கள், விசிலடிக்கிறார்கள்.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
இன்னும் பத்துப் பேர்,
அதில் இரண்டு நானே, போகட்டும்,
நாற்பதைக் கையில் வைத்துக்கொண்டு
எங்கோ வண்டிக்கு நிற்கிறார்கள்.