நூற்று அறுபது வோல்ட்

போஜன் கேட்டது இவ்வளவுதான்:
"அந்தப் பெட்டி மாதிரியே கத்தணும்.
ஆனா பைக்குள்ள அடங்கணும்."

அந்தப் பெட்டி ஐந்து வாட்.
எட்டு அங்குல ஸ்பீக்கர், மூன்று வால்வு.
கட்டபெட்டுப் பக்கம் ஒரு கிளப்பை மூடியபோது
உடைந்த பில்லியர்ட்ஸ் குச்சிகளோடு சேர்த்து
ஏலத்தில் எடுத்தான்.
மழை மாதங்களில் அதன் முதுகில் சாக்ஸ் காயும்.
மெல்லத் தட்டினால் பேசும்.
கொஞ்சம் அழுத்தினால்
தொண்டை கட்டியவள் சிரித்தது போல
ஓரம் கிழியும்.

கிழிப்பதுதான் என் தொழில்.
அலையின் தலையை எந்த உயரத்தில் வெட்டுவது,
வெட்டிய தழும்பை எப்படி மழுக்குவது.
முதல் பெடலை வர்க்கி டப்பாவில் கட்டினேன்.
மிதித்துப் பார்த்து
"டப்பா சத்தம்தான் வருது" என்றான்.
இரண்டாவது: "ஷீபா, இது கொசு."
ஒரு கெபாசிட்டருக்காகக் கோவைக்குப் போய்
குஞ்சப்பனை வளைவில் வாந்தியெடுத்துத் திரும்பினேன்.
ஆறாவதைக் கேட்டவன்
ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போய்விட்டான்.

மீட்டரில் எல்லாம் சரி.
பெட்டியைத் திறந்து
ஒவ்வொரு காலிலும் முள் வைத்து அளந்தவள் நான்.
அளந்ததெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு.

ஒரு டிசம்பர் மாலை
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே இருந்தேன்.
ஏழு மணி.
ஹட்டி முழுக்க வென்னீர் வைக்கிறது.
லிங்கி அக்கா வீட்டு வாளியில் சுருள் கம்பி,
மேல் வரிசையில் நாலு ஹீட்டர்,
யாரோ இட்லிக்கு அரைக்கிறார்கள்.
எங்கள் பல்பு பழுத்த ஆரஞ்சாகிறது.
நூற்று அறுபது.
போஜன் ஒரு ஈ மைனர் அடிக்கிறான்.
பெட்டி முதலில் அமுங்குகிறது,
படியேறியவன் கைப்பிடியைப் பிடித்து நிற்பது போல நின்று,
பிறகு எழுந்து வருகிறது
வெளியே எடுத்த ரொட்டி மாதிரி, சூடாக.

அட.
இத்தனை நாள் நான் தேடிய தொனியில் பாதி
அடுத்த வீட்டு வென்னீர்.

ஏழாவதில் ஒரு திருகு கூடுதலாக வைத்தேன்.
திருகத் திருக
உள்ளே மின்சாரம் பட்டினி கிடக்கும்.
அதற்கு என்ன பெயர் எழுதுவது?
நெயில் பாலிஷில் 'ஏழு' என்று மட்டும் போட்டேன்.

மார்ச்சில் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது.
இப்போது எந்நேரமும் இருநூற்று இருபத்தெட்டு.
லிங்கி அக்கா ஐந்து நிமிடத்தில் குளித்துவிடுகிறாள்,
அதில் எனக்கும் சந்தோஷம்தான்.
பெட்டி மட்டும் விறைத்துப்போனது,
சட்டைக்குக் கஞ்சி போட்ட மாதிரி.

பயணத்துக்கென்று வாங்கிய பெடலைப்
பெட்டிக்கே செருகியிருக்கிறான் போஜன்,
அது அதுவாக இருப்பதற்கு.
பாதிப் பணம் இன்னும் பாக்கி.
நேற்று மிதிக்கும்போது கவனித்தேன்,
கண் தானாகப் பல்புக்குப் போனது.
பல்பு அசையவில்லை.