பத்தாம் நம்பர்

ஏப்ரலில் ஆரம்பித்தது.
இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்,
அதுவும் வண்டி சூடேறிய பிறகு மட்டும்,
ணங்.
ஒரே ஒரு தடவை.
சாப்பாட்டு மேசைக்கு அடியில் யாரோ
கரண்டியைத் தவறவிட்டதுபோல.

எழுபத்தெட்டாம் வருஷத்து பியட்.
அதன் மற்ற சத்தங்கள் எனக்கு மனப்பாடம்:
வைப்பர் முனகும், மூன்றாம் கியர் இருமும்,
மழைக்கு முந்தின நாள் பின்கதவு கிரீச்சிடும்.
இது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

பேரிங் என்றான் மெக்கானிக் அதெமார். மாற்றினோம்.
சைலன்சர் என்றார் எதிர்வீட்டு பாக்கரி நடத்துகிறவர்.
கம்பி போட்டுக் கட்டினோம்.
ணங்.
ஜாக்கியைப் போர்வையில் சுற்றினேன்.
சீட் பெல்ட் கொக்கிக்கு என் சாக்ஸை மாட்டினேன்.
சாம்பல் கிண்ணத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு
சதுக்கத்தை இடப்பக்கமாகவே பதினான்கு சுற்று சுற்றினேன்.
பைசாந்துவில் அன்று என்னைப் பார்க்காதவர் இல்லை.
ணங். ணங்.

ஜூன் மாதக் குளிரில்
டிக்கிக்குள் நானே படுத்துக்கொண்டேன், டார்ச்சோடு.
நெலிதா ஓட்டினாள்.
பெட்ரோல் வாடை. காதுக்கடியில் தகரம்.
மேடுபள்ளம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் கையெழுத்துப் போட்டது.
முன்னால் அவள் யாரிடமோ பேசுவது கேட்டது.
"மெதுவா, மெதுவா, என் தங்கமே."
காரிடம்.
என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசி
எத்தனை காலம் என்று கணக்குப் போடத் தொடங்கியபோது
ணங்.
டிக்கியில் இல்லை.
முன்னால், வலப்பக்கம்,
எப்போதும் அவள் உட்காரும் இருக்கைக்குக் கீழே.

அதெமார் விரிப்பைக் கிழித்தான்.
அடித்தகட்டில் காசளவு ஓட்டை.
தூண்டில் நரம்பில் காந்தத்தைக் கட்டி உள்ளே விட்டான்,
கிணற்றில் பாதாளக்கரண்டி போடுகிறவன்போல
கண்ணை மூடிக்கொண்டு துழாவினான்.
முதல் தடவை துருச் செதில்கள்.
இரண்டாம் தடவை ஒரு ஹேர்ப்பின்.
மூன்றாம் தடவை கனமாக, மெல்ல,
தார் பூசிய ஸ்பானர் ஒன்று ஏறி வந்தது.

துடைக்கும் முன்பே தெரிந்துவிட்டது எனக்கு.
பத்தாம் நம்பர்.
கைப்பிடியில் ஆணியால் கீறிய வி. வில்மருக்கு வி.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு
இந்த இருக்கையைத்தான் மாட்டிக்கொண்டிருந்தோம்,
நானும் அவள் தம்பி ரூபெனும்.
சாயங்காலம் பெட்டியை எண்ணினேன்.
எட்டு, ஒன்பது, பதினொன்று.
பாக்கெட்டைக் காட்டு என்றேன்,
அவன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
காட்டினான்:
கைக்குட்டை, இரண்டு காசு, வீட்டுச் சாவி.
வெளியே இழுத்த வெள்ளைப் பாக்கெட்டுகளை
உள்ளே தள்ளாமலே நடந்து போனான்,
இடுப்பில் இரண்டு காதுகள் தொங்குவதுபோல.

அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
நெலிதா தக்குவாரெம்போவுக்கு பஸ்ஸில் போகிறாள்.
நாலு மணி நேரம்.
கார் இருக்கிறது எங்களிடம்.

தார் பிடித்து வைத்திருந்திருக்கிறது அதை.
இந்தக் கோடையில் காய்ந்து, வெடித்து, விட்டுவிட்டது.
தாருக்கு என்ன தெரியும்.

அதெமார் கூலி வாங்கவில்லை.
என் முகத்தையும் பார்க்கவில்லை.
கந்தலில் சுற்றி அவள் மடியில் வைத்தான்.

இடப்பக்கம் திரும்பினேன்.
ஒன்றுமில்லை.
இன்னொரு இடப்பக்கம்.
டயர் சத்தம், காற்றுச் சத்தம்,
இத்தனை நாள் கேட்காத என் மூச்சுச் சத்தம்.
வண்டி நன்றாகிவிட்டது என்றேன்.
அவள் ஸ்பானரின் வாய்க்குள் விரலை விட்டு
திருகிக்கொண்டிருந்தாள்,
அங்கே ஒரு நட்டு இருப்பதைப்போல.

நம் தெரு வந்தது.
நேரே போ என்றாள்.
போனேன்.
டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்றாள்.
முக்கால்.
அங்கே போக அது போதும்.
திரும்பி வருவதைப் பற்றி
அவள் கேட்கவில்லை.